தகர முகத்துக்கு வாய்க்கரிசி

பெரியப்பாவின் முகம் கழுவிய அன்று தென்னங்கிடுகு மறைப்புக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். மர வாங்கில் கிடந்த பெரியப்பா, அவர் தலைமாட்டில் பெரியம்மா, தண்ணீர்ச் செம்போடு நான். மறைப்புக்கு வெளியே ஐயா, அம்மா, மாமி, பந்தல் கொள்ளாத சனம். செத்துப்போன பெரியப்பாவை ஆள்கணக்கில் சேர்க்கலாமோ என்று இன்றைக்கும் எனக்கு ஐமிச்சம்தான். ஆனால் அன்று அவருடைய ஒரு கண் திறந்தபடியே இருந்தது. ஆகையால் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தக் கண் வர்ணத்தில் எழுதிய கண். பெரியப்பா ஐயாவின் தமையன். கலியாணம் முடித்த கையோடு மலாயாவுக்கு ரயில் வேலைக்குப் போனவர், அங்கிருந்து வெள்ளைக்காரனுடைய பெரிய சண்டைக்கும் போய், குண்டுச் சிதறல் ஒன்றுக்கு முகத்தில் பாதியைக் கொடுத்துவிட்டார். சீமை ஆஸ்பத்திரியில் அவரிடம் இருந்த கலியாணப் படத்தைப் பார்த்து, மெல்லிய செப்புத் தகட்டில் ஒரு முகம் செய்து கொடுத்தார்களாம். இடது கண், மூக்கு, மீசை, வாய், நாடி எல்லாம் அதில் இருந்தன. மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துக் காதில் மாட்டிக்கொள்வார். செம்பென்றாலும் ஊர் அதைத் தகரம் என்றே சொல்லிற்று.

ஒன்றரை வருஷம் வெயில் படாமல் கட்டிலில் கிடந்தவரின் நிறத்துக்குத்தான் அங்கே வர்ணம் பூசியிருந்தார்கள். ஊருக்கு வந்து புகையிலைத் தோட்டத்தில் நின்றதும் அவர் கறுத்துப்போனார், தகரம் கறுக்கவில்லை. தலை நரைத்தது, தகரத்து மீசை நரைக்கவில்லை. உதடுகளுக்கு நடுவே சிகரெட் வைக்க ஒரு சின்ன நீக்கல் விட்டிருந்தார்கள். அந்த அளவை எடுத்த மனிதருக்கு யாழ்ப்பாணச் சுருட்டின் தடிப்புத் தெரிந்திருக்க நியாயமில்லை. பாவம், பெரியப்பா புகையிலைக் குடிலுக்குப் பின்னால் போய்த்தான் சுருட்டுக் குடிப்பார். சாப்பாடும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

"பிள்ளை, சாப்பிட்டியே?" என்று ஆசையாய்த்தான் கேட்பார். வாய் அசையாது, குரல் மட்டும் வரும். நான் ஓம் என்று சொல்லிவிட்டு அம்மாவின் சீலைக்குள் ஒளிவேன்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது நாலு நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த சனத்தில் பாதி துக்கத்துக்கு, பாதி முகத்துக்கு. ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது பெரியப்பாவின் தங்கை மாமிதான், அதுவும் வேறு மாதிரி.

"தகரத்துக்கோ வாய்க்கரிசி போடுறது? அதைக் கழட்டுங்கோ மச்சாள். என்ரை அண்ணையின்ரை வாயிலை நான் போடவேணும்."

பெரியம்மா அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிற்பாட்டினார். "பதினைஞ்சு வருஷம் விளக்கை நூத்துப்போட்டு, இருட்டுக்குள்ளைதான் மனிசன் அதைக் கழட்டினது. பாக்கமாட்டன் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். எனக்குக் காட்டாததை ஊருக்குக் காட்டுறதோ?"

"செத்தாப் பிறகு என்ன வெக்கம்?"

"செத்தது அவர். நான் இருக்கிறன்."

ஐயா நடுவில் புகுந்து, "முழுக வாக்கேக்கை கழட்டத்தானே வேணும்?" என்றார்.

"உடம்பை நீங்கள் கழுவுங்கோ. முகத்தை நான் கழுவுறன். தண்ணி வாக்க உவள் வரட்டும்." பெரியம்மாவின் விரல் என்னைத்தான் காட்டியது. "உவள் பயந்தாங்கொள்ளி. வெளியிலை ஒண்டும் கதைக்கமாட்டாள்."

பிறகு ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். அங்கேகூட எனக்கு இப்படி ஒரு நற்சான்று கிடைத்ததில்லை.

ஆண்கள் உடம்பைக் கழுவிவிட்டு வெளியே போனார்கள். அப்போதுதான் அவரைக் கிட்டப் பார்த்தேன். வலது கண் மூடியிருந்தது. இடது கண் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மறைப்பின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மா முதலில் தன் கண்களை இறுக்கி மூடினார். பிறகு தடவிக் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"பிடி."

நான் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. கையில் வந்ததைத்தான் பார்த்தேன். அதன் உட்புறம் வர்ணமில்லாத செம்பு. குழிந்திருக்கவேண்டிய மூக்கு என்னை நோக்கிப் புடைத்து நின்றது. நான் தலையைச் சரித்தேன், அது என்னோடு சரிந்து பார்த்தது. மற்றப் பக்கம் சரித்தேன், அங்கும் வந்தது. உதறிக் காலடியில் இருந்த தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டேன். அது மெல்லக் கீழே போய், வர்ணப்பக்கம் மேலாக, தண்ணீருக்கடியில் என்னைப் பார்த்தபடி படுத்தது.

"என்ன சத்தம்?" பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்டுமில்லை."

"வார்."

வாளியைப் பார்த்தபடியே வார்த்தேன். பெரியம்மாவின் கைகள் வேலை செய்கிற சத்தம் கேட்டது. சீலைத் தலைப்பில் முடிந்திருந்த அரிசியில் ஒரு சிட்டிகை எடுத்து, போடவேண்டிய இடத்தில் போட்டார் போலிருக்கிறது. பிறகு கையை நீட்டினார். தண்ணீருக்குள் இருந்த முகத்தை எடுத்துத் துடைக்காமலே கொடுத்தேன். துடைக்க என் கை ஓடவில்லை.

பந்தலில் பெண்கள் அரிசியோடு சுற்றி வந்தார்கள். மாமி தன் முறை வந்ததும் குனிந்து, எல்லோரும் பார்த்திருக்கக் கண்ணாடிக் காம்பில் விரலை வைத்தார். பெரியம்மா "மச்சாள்!" என்று எழும்பினார். அதே நேரம் அந்த எழுதிய கண்ணுக்குக் கீழே ஒரு துளி நீர் கசிந்து, மீசை வரைக்கும் இறங்கியது. பின்னால் இன்னொரு துளி.

"ஐயோ, அண்ணை அழுகிறார்!" மாமியின் கையிலிருந்த அரிசி நிலத்தில் கொட்டிற்று. வரிசை கலைந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் எட்டி நின்றே அரிசியை எறிந்துவிட்டுப் போனார்கள். தகரத்தோடுதான் பெரியப்பா சுடலைக்குப் போனார். மறுநாள் சாம்பல் அள்ளப் போய்வந்த ஐயா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. சாம்பலுக்குள் எரியாமல் கிடந்த எதைக் கண்டார் என்று சொல்லவுமில்லை.

அது வாளித் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் காய்ச்சல் வந்தது.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் பெரியம்மா என்னைக் குசினி அடுப்படிக்குத் தனியே கூப்பிட்டார். "நீ அவரைப் பாத்தனியே?"

பார்க்கவில்லை என்றால் பேச்சு விழுமோ, பார்த்தேன் என்றால் அடி விழுமோ என்று யோசித்தேன். "ஓம்" என்றேன். "கலியாணப் படத்திலை இருக்கிற மாதிரித்தான் இருந்தவர்."

பெரியம்மா சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "பொய்க்காரி." என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்களை மூடிக்கொண்டார். விரல்கள் என் கன்னத்தில் நிதானமாக நடந்தன. "இஞ்சை ஒரு பள்ளம், புளியங்கொட்டை அளவு. இந்த எலும்பு இல்லை. மூக்கு இவ்வளவுதான். இது தையல் போட்ட தழும்பு, பூரான் மாதிரி. இதிலை தொட்டால் அவருக்குக் கூசும்."

இவ்வளவும் தெரிய வேண்டுமென்றால் பெரியம்மா மறைப்புக்குள் களவாகக் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். சத்தியத்தை மீறியவருக்கு என்ன நடக்குமோ என்று எனக்கு ஒரே பயம். அவரிடம் கேட்கவும் பயம். வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையார் கோயிலுக்குப் போய், "பெரியம்மா தெரியாமல் பாத்திட்டா, மன்னிச்சுக்கொள்ளும்" என்று அவருக்காகத் தோப்புக்கரணம் போட்டேன். எனக்குக் கலியாணமாகும் வரைக்கும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.