கேட்டுவிட்டு நிறுத்துபவர்

"தங்கச்சி, உன் பேர்ல ஒண்ணு ரொம்ப நேரமா ஓடிட்டிருக்கே, நிறுத்திடவா? வேணாமா? சரி சரி, ஓடட்டும். முடிஞ்சதும் ஒரு குரல் குடு."

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சட்டை நுனியால் திரையைத் துடைக்கிறார் பாங் முக்லிஸ். எங்கள் மேடான் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணன், அதனால்தான் பாங். உட்கார்ந்தால் செருப்பு மேசைக்கடியில், கால் நாற்காலியில். இனிப்புத் தேநீர் கிளாஸுக்கு மூடி போட்டு வைப்பார், திறந்து குடிக்க மறந்துபோவார்.

எங்கள் பாமாயில் கம்பெனியின் கணக்கு, கொள்முதல், ஸ்டோர் எல்லாம் ஒரே சர்வரில் ஓடுகின்றன. அதற்குள் ஐம்பது பேர் உட்கார்ந்து வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பட்டனைத் தட்டினால் சும்மா இருக்கும் ஒருவர் உங்கள் வேலையை எடுத்துக்கொள்வார். ஐம்பது பேரும் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் திரையைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டியதுதான். யார் எதில் எவ்வளவு நேரமாக மாட்டியிருக்கிறார் என்று பார்ப்பதும், முடியாமல் இழுக்கும் வேலையை வெட்டிவிடுவதும் பாங்கின் உத்தியோகம். வெட்ட ஒரு கிளிக் போதும். அவருக்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு போன் வேண்டும்.

"பாங், ரெண்டாங் கறி சாப்பிடறதுக்கு முன்னாடி மாட்டுகிட்டயும் கேப்பீங்களோ?" என்பாள் கணக்குப் பிரிவின் மஸீத்தா. தொப்பை குலுங்கச் சிரிப்பார். யாராவது தப்பான தேதியைப் போட்டுப் பத்து வருஷக் கணக்கையும் ஒன்றாக இழுத்து ஆபீஸையே நிறுத்திவிட்டால், காட்டிக்கொடுக்க மாட்டார். எல்லோரும் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் மேனேஜர் ஹராஹாப் வந்து யாருடைய வேலை என்று உறுமினால், "நெட்வொர்க் பாக், நெட்வொர்க்" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்.

அவரிடம் இரண்டு விசித்திரங்கள் உண்டு. கீழ்த்தளத்தில் உதிரிபாக ஸ்டோர் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். ஒரு மவுஸ் வேண்டுமென்றாலும் என்னைத்தான் அனுப்புவார். இன்னொன்று, பெருநாள் விடுப்பு முடிந்து எல்லோரும் திரும்பும் முதல் நாளில் அவருக்கு மட்டும் காய்ச்சல் வரும். அன்றுதான் ஆபீஸ் முழுக்க வரிசையாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். பிறகு ஹாலில் லொந்தோங் அரிசிக் கட்டியும் குழம்புமாக விருந்து. விருந்தை விடுகிற ஆளா இவர் என்று, அவருக்கு உதவியாளாவதற்கு முன்பு நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவருக்கு உதவியாளாக என்னைப் போட்ட புதிதில், கேட்காமல் ஒரு வேலையை வெட்டப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் சொன்னார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசி. ஐம்பது இடமும் நிறைந்து ஆபீஸே உறைந்து கிடந்தது. முதுகுக்குப் பின்னால் பாக் ஹராஹாப் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். திரையில், கீழ்த்தள ஸ்டோரில் வேலை பார்க்கும் யுஸ்ரியின் பெயரில் ஒரு வேலை நகராமல் நின்றது. பாங் வெட்டிவிட்டார். திரைகளெல்லாம் மூச்சு விட்டன, நாலு பேர் கைகூடத் தட்டினார்கள். வெட்டுப்பட்டது ஸ்டோரின் வருஷக் கணக்கெடுப்பு. நோன்பு வயிற்றோடு யுஸ்ரி எண்ணி எண்ணி ஏற்றியது. பாதி ஏறி, பாதி ஏறாமல் போயிற்று. இருக்கிற பேரிங் இல்லை என்றது கணக்கு, இல்லாத பெல்ட்டை இருக்கிறது என்றது. அதை நம்பிய ஒரு ஆலை பெல்ட் இல்லாமல் நின்றது.

விசாரணையில் யுஸ்ரி தானாகவே தலையைக் கொடுத்தான். "தொழுகைக்கு எந்திரிச்சப்ப கை எதுலயோ பட்டிருச்சு போல, பாக்." பாக் ஹராஹாப் பாங்கைப் பார்த்து, "அப்படி ஆகுமா?" என்றார்.

"'இருக்கலாம்'னேன் தம்பி. அவ்வளவுதான் சொன்னேன்."

யுஸ்ரிக்கு வரவேண்டிய ஸ்டோர் பொறுப்பு போயிற்று. நேற்று வந்த ஒருவன் அவனுக்கு மேலே உட்கார்ந்தான். கவனமில்லாதவன் என்ற பெயர் மட்டும் அவனிடம் நின்றது.

எனக்கு ஆத்திரம் வந்தது. "இப்பவே போய்ச் சொல்லுங்க பாங்."

"சொல்லத்தான் தினமும் படியிறங்கறேன். பாதிப் படியில கால் திரும்பிடுது. ஐம்பது வயசுல இப்படி ஒரு கால்."

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. அதுவும் வெட்கக்கேடுதான்.

இந்த வருஷம் காய்ச்சல் என்று சொல்லிக்கூட விடுப்பை நீட்டக்கூடாது என்று உத்தரவு. பாங்கும் வரிசையில் நின்றார், அவருக்குப் பின்னால் நான். புது பாத்திக் சட்டை முதுகில் வியர்த்து ஒட்டியிருந்தது. கை மாறி கை மாறி, யுஸ்ரி வந்தான்.

"உள்ளும் புறமும் மன்னிச்சுடுங்க பாங்," என்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தான். "அன்னிக்கு உங்க மெஷினைப் படுக்க வெச்சேனே, அதுக்கும் சேத்து. உங்களைப் பிடிக்கவே முடியல பாங், ஒவ்வொரு பெருநாளும் தேடறேன்."

பாங் அவன் கையை விடவில்லை. வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்து மஸீத்தா, "பாங், லொந்தோங் ஆறுது, நகருங்க!" என்று கத்தினாள்.

"அது நீ இல்ல யுஸ்ரி. நான்தான் வெட்டினேன். உன்னைக் கேக்காம."

யுஸ்ரியின் சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. "பாக் ஹராஹாப் கேட்டப்ப... நீங்க இருக்கலாம்னு..."

"ஆமா."

யுஸ்ரி முதலில் ஒரு கையை எடுத்தான். பிறகு மற்றதையும் எடுத்தான். என் பக்கம் திரும்பி, வழக்கமான வார்த்தையை வழக்கமான குரலில் சொல்லி, எனக்குக் கை நீட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாங்கைத்தான் பார்த்தேன். வரிசை அவரை ஓர் ஆள் தள்ளிக் கொண்டுபோயிருந்தது. எதிரே நின்றவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பாங் அவரைக் கவனிக்காமல், தன் வலது கையை யுஸ்ரியின் பக்கமே நீட்டிக்கொண்டு நின்றார்.