கன்ரபரியில் கேட்ட மூன்று விண்ணப்பங்கள்

ஜெர்மனியின் ஹம் நகர முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் பேர்பெச்சுவா மடிக்கும் துவாய்கள் விளிம்போடு விளிம்பு பிசகாது. செபத்திலும் அவள் அப்படித்தான். எந்தப் புனிதரிடம் எதைக் கேட்பது என்பதில் ஒழுங்கு உண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற அவளுக்கு இருந்த ஒரே பெருமை தங்கை கிறிஸ்ரினா. அவள் வன்னியில் ரீச்சர்.

2009இல், உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு, வன்னிப் போரை நிறுத்தக் கேட்டு லண்டனில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குத் தம்பி பென்ஜமினின் வான் வண்டியில் போனாள். மாசிக்குப் பிறகு கிறிஸ்ரினாவிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. ஜெர்மனிக்குத் திரும்பும் நாள், கப்பலேறப் போகிற வழியில் கன்ரபரிப் பேராலயத்தின் கோபுரம் தெரிந்தது.

"தம்பி, நிப்பாட்டு. இந்தக் கோயிலுக்கு நான் ஒருநாளும் போகேல்லை."

பென்ஜமினுக்கு விளங்கியது. ஒரு கோயிலுக்குள் முதன்முதல் காலடி வைக்கிறவர் மூன்று விண்ணப்பம் கேட்கலாம் என்பது மன்னாரில் தாய் பழக்கியது.

"இது எங்கடை கத்தோலிக்கச் சபை இல்லையக்கா."

"அந்தக் காலத்திலை கட்டேக்கை எங்கடைதானே. நட."

உள்ளே, ஓரமாக இருந்த கல்லறையின் மேல் கல்லாலான மனிதர் ஒருவர் கைகூப்பிக் கிடந்தார். காலடியில் ஒரு நாய். நாயைக் கண்டதும் பேர்பெச்சுவாவுக்குச் சந்தேகமே வரவில்லை. நாயோடு நிற்பவர் புனித ரோக்கு, கைவிடப்பட்டவர்களின் துணை. சால்வை நுனியால் பாதத்தின் தூசைத் துடைத்து, தொட்டு முத்தமிட்டாள். தங்கை உயிரோடு இருக்கவேண்டும். பட்டினி கிடக்கக்கூடாது. ஒருமுறையாவது அவள் குரலைக் கேட்கவேண்டும்.

பென்ஜமின் பக்கத்திலிருந்த பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"அக்கா, இவர் புனிதர் இல்லை. சண்டைத் தளபதி."

"நாய் நிக்குதே?"

"வளர்த்த நாயாக்கும்."

அவள் கையைப் பாதத்திலிருந்து எடுத்தாள். "நான் கேட்டு முடிச்சிட்டன்."

"அங்காலை பீடத்தடியிலை திரும்பக் கேளுங்கோவன்."

"முதல்தரம் எண்டது ஒருக்காத்தானடா."

கப்பலில் அவள் தேநீரும் குடிக்கவில்லை. "சண்டையிலை நிக்கிறவளைக் காப்பாத்தச் சொல்லிச் சண்டைக்காரனிட்டையே கேட்டிருக்கிறன்" என்றாள்.

"சண்டைக்குள்ளாலை வர வழி அவனுக்குத்தானக்கா தெரியும்."



ஹம்மில் அவள் மடித்த துவாய்கள் கோணத் தொடங்கின. கூட வேலை செய்த ஜெர்மன்காரி அவற்றை எடுத்துத் திரும்ப மடித்தாள். வைகாசியில் போர் முடிந்தது. அப்போதும் அழைப்பு வரவில்லை. எல்லாம் ஆளை விசாரிக்காமல் கேட்ட தன் அவசரத்தால் வந்தது என்றே பேர்பெச்சுவா நம்பினாள்.

ஆனியில் கிறிஸ்ரினாவின் கணவன் ஸ்ரீதரன் வவுனியா முகாமிலிருந்து அழைத்தான். பென்ஜமின்தான் பேசினான். போனை வைத்துவிட்டு அக்காவின் முன்னால் குந்தினான்.

"பெரிய வெள்ளிக்கு முதல்நாள் கிறிஸ்ரினா இருந்த இடத்திலை ஷெல் விழுந்ததாம், அக்கா. நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிட முதலே எல்லாம் முடிஞ்சுது."

பேர்பெச்சுவா மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கல்லு மனிசனிலை ஒரு பிழையும் இல்லை" என்றாள்.