சட்டைப்பையில் இன்னொரு கண்ணாடி

விமானப்படைக்காரன் என்றால் கழுகுக் கண் என்று எங்கள் ராஜபாளையத்தில் யார் கிளப்பிவிட்டார்களோ, அந்த ஆளைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் சரக்கு விமானத்தில் வழி சொல்லும் நேவிகேட்டர். எங்கள் விமானத்தில் ஐந்து பேர். என்னையும் சேர்த்து மூன்று பேருக்குக் கண்ணாடி. கண்ணாடிக்காரன் பறக்கும்போது சட்டைப்பையில் இன்னொன்றும் வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அங்கே அதை யாரும் குறையாகப் பேசியதில்லை.

தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோவிலில் முகூர்த்தம். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அப்பா என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் மடியில் செருகிக்கொண்டார்.

“ஏலே, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பாத்தா பரம்பரைக் கோளாறும்பாக. பொண்ணையும் சந்தேகப்படுவாக. இன்னைக்கு ஒருநாள் சும்மா இரு.”

தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கோவில் வாசலில் சீர்த்தட்டோடு வந்த தாய்மாமனை ‘வாங்க’ என்றுகூடச் சொல்லாமல் கடந்து போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளை வேட்டி மட்டும்தான். மாமா தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

“ஆகாசத்துல போற மருமகனுக்கு மாமன் கண்ணுக்குத் தெரியல. நான் மம்சாபுரத்துக்கே போறேன்.”

மாமன் சீர் வராமல் எங்கள் வீட்டில் தாலி ஏறாது. அப்பா ஓடிவந்து என் காதருகே குனிந்தார்.

“கால்ல விழுந்துரு. கண்ணு தெரியலன்னு மட்டும் சொல்லிராத.”

திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கலாம், கண்ணாடிக்காரன் என்று வாங்கக் கூடாதாம். எனக்கு உச்சிமண்டைக்கு ஏறிவிட்டது. பழக்கத்தில் சட்டைப்பையில் போட்டு வந்திருந்த இன்னொரு கண்ணாடியை எடுத்து எல்லார் முன்னாலும் மாட்டினேன்.

“மாமா, இது இல்லன்னா அஞ்சடிக்கு அங்கிட்டு எனக்கு ஆளே தெரியாது. அப்பாதான் கழட்ட வச்சாக.”

மாமா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் யாரும் என் மூக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இட்லிப் பந்தியில் இடம் பிடிக்கும் அவசரம்.

மாமா மணமேடைக்கு எதிரே போய் நின்றார். மேடையில் இருந்த தங்கை கண்ணை இடுக்கி வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அருகில் போய் நின்ற என் கையைப் பிடித்தாள்.

“மாமா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகளாண்ணே? இன்னும் காணலையே.”

அவர் நாலு எட்டு தள்ளி, அவளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

வருஷா வருஷம் கண்ணைச் சோதிக்க எனக்கு விமானப்படை இருந்தது. அவளுக்கு அப்பா மட்டும்தான் இருந்தார்.