தலைகீழாய் ஒரு புதுவாயல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறும்போது வானம் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருக்கும். ஏறியதுமே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் மடியில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

படித்தது மனதில் நிற்க வேண்டுமென்று ஆளுக்கொரு வேலை செய்யும் நிரல் துண்டுகளை, சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக எழுதி ஒரே இடத்தில் சேர்த்துவந்தேன். பட்டியலில் இரண்டாம் முறை வந்ததை நீக்க ஒன்று, நீளமான பட்டியலைத் துண்டுகளாக்க ஒன்று, ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்ப ஒன்று. பஸ்ஸின் ஆட்டத்தில் கண் சொருகும். அப்போதும் அடைப்புக்குறிகள் பனி மூடிய வயல்களில் கொக்குகளைப் போல உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

பக்கத்து சீட்டில் பேக்கிங் பிரிவு அக்கா. திருப்பாச்சூர்க்காரர். ஒருநாள் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே எழுதிக்கினே கீற? இதெல்லாம் ரெடியாவே கெடைக்காதா?"

"கெடைக்கும்க்கா. நானே எழுதுனாதான் உள்ள இன்னா நடக்குதுன்னு புரியுது. இது ஒரு வார்த்தையத் தலைகீழாத் திருப்பிக் காட்டும்."

"அப்போ நம்ம ஊர்ப் பேர் எதையாச்சும் திருப்பிக் காட்டு, பாக்கலாம்."

அதுவரை ஆங்கிலச் சொற்களை மட்டுமே கொடுத்துப் பார்த்திருந்தேன். பஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஊரின் பெயரையே தட்டினேன்: புதுவாயல். திரையில் வந்தது எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல். 'ல்'லின் புள்ளி முன்னால் அநாதையாக நின்றது. வாவின் கால் யகரத்தோடு போய் ஒட்டியிருந்தது. கடைசியில் ப மட்டும் மொட்டையாக.

"ஐய, ஊரையே பிச்சிப் போட்டியே!" என்றார் அக்கா.

சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. எனக்கு 'பு' ஓர் எழுத்து. கணினிக்கோ ப வேறு, அதன் உகரக் குறி வேறு. சின்ன வயதிலிருந்து ஒன்றாகவே பார்த்துவந்த எழுத்து, உள்ளே இப்படித் தனித்தனியாகத்தான் இருக்கிறது என்பது விசித்திரமாக இருந்தது. மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே கொம்புகளும் கால்களும் புள்ளிகளும் எழுத்துகளை விட்டு மிதந்து போவதைப் போல ஒரு மயக்கம்.

எங்கெங்கோ தேடியபின், கண்ணுக்குத் தெரிகிறபடியே எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருப்பது தெரிந்தது. ஃபங்ஷனை மாற்றி எழுதி, மறுநாள் காலை பஸ்ஸில் அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார். "ல்... ய... வா... து... பு. இது எந்த ஊர்மே?"

"நம்ம புதுவாயல்தான்க்கா. இப்போ ஒண்ணும் ஒடையல."

"ஒடையலதான்," என்று ஒத்துக்கொண்டவர், "கும்மிடிப்பூண்டியப் போடு" என்றார்.

'டிண்பூப்டிமிம்கு' என்று வந்தது. அதைச் சொல்ல முயன்று அவருக்கு நாக்கு சுளுக்கியது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை. தொழிற்பேட்டைக்குள் பஸ் திரும்பும்வரை கடைப் பலகைகளையெல்லாம் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டே போனோம்.