சுவரில் ஒரு துளை

என் அக்காவின் கணவர் குளிர்பதன மெக்கானிக். ஐஸ்கிரீம் கம்பெனிக் கிடங்கில் பத்தொன்பது வருஷம். அக்காவுக்கும் எனக்கும்கூட அங்கேதான் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும், கொடுத்த காபி ஆறுவதற்குள் காற்றைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

“சூடான ரூம்ல காத்து கம்மி, குளுந்த ரூம்ல ஜாஸ்தி. தெரியுமா?”

தெரியாது என்றாலும் விடமாட்டார், தெரியும் என்றாலும் விடமாட்டார். சூடானால் காற்று விரிந்து இடுக்கு வழியே வெளியேறும். குளிர்ந்தால் சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வரும். வர வழியில்லையென்றால், மூடிய பாட்டில் பிரிட்ஜில் ஒடுங்குகிற மாதிரி அறையும் ஒடுங்கப் பார்க்கும். அதற்காகத்தான் கிடங்குச் சுவரில் ஒரு துளை. பனி அடைக்காமலிருக்க அதில் ஒரு சூட்டுக்கம்பி.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் அந்தத் துளையை அடைத்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சூட்டுக்கம்பி எரிந்துபோயிருந்தது. புதியது வர ஒரு வாரம் ஆகும். துளை வழியே ஈரக்காற்று புகுந்து சுவரெல்லாம் பனி கட்டுகிறதென்று சூப்பர்வைசர் கத்த, மாமா வெளிப்பக்கமிருந்து ஒரு பழந்துணியைத் திணித்தார். “இப்போதைக்குத்தானே” என்றார்.

மூன்றாம் நாள் மதியம் சரக்கு இறக்குவதற்காகக் கதவு அரைமணி நேரம் திறந்தே கிடந்தது. வெளி வெக்கை முழுக்க உள்ளே போயிருந்தது. பெட்டிகளில் சீட்டு ஒட்டும் வேலை அக்காவுக்கு. கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் உள்ளே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளே காற்று மளமளவென்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவள் உள்ளிருந்து முட்டினாள். சுமை இறக்கிய நாங்கள் நாலு பேரும் வெளியிலிருந்து இழுத்தோம். இம்மியும் அசையவில்லை.

மாமா ஓடிவந்தார். கதவைத் தொடவே இல்லை.

“பொண்டாட்டி உள்ள கிடக்கா, எங்க ஓடறீங்க?” என்று கத்தினேன்.

கிடங்கின் பின்சுவருக்கு ஓடி, விறைத்திருந்த துணியைப் பிடுங்கினார். காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. சற்றைக்கெல்லாம் கதவு திறந்தது. அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“ஓட்டைய பனி அடைச்சிருச்சு” என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தத் துணியைக் குப்பைத்தொட்டியில் பார்த்தவன் நான். அக்கா குடும்பத்தில் கலகம் மூட்ட மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் ஒரு விருந்தாளியிடம் வழக்கம்போல ஆரம்பித்தார். “ஒரு நாள் பனி அடைச்சு, இவளே உள்ள மாட்டிக்கிட்டா…”

“பனியில பூப்போட்டிருந்துச்சு” என்றாள் அக்கா. “என் பழைய நைட்டி. அதை நீங்க வெளிய உருவுறத உள்ள நின்னு பாத்தேன்.”

மாமா காபி டம்ளரை வாயருகிலிருந்து இறக்கினார். “அப்பவே ஏன் கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். வர்றவங்ககிட்டல்லாம் பனின்னே சொன்னீங்க.”

விருந்தாளி இருப்பதையும் மறந்து, “நான்தான் அடைச்சேன். மன்னிச்சிரும்மா” என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காபி ஆறிப்போச்சு. குடுங்க, சூடு பண்ணித் தரேன்.”