பஞ்சில் ஒட்டிய மஞ்சள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வாள். பிரசவமான வீட்டுக்குள் நுழைந்ததும் நலம் விசாரிப்பதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவேன். "தண்ணி குடுக்காம அவள ஏன் இப்படிக் காயப் போடுறீங்க? ஜன்னல எல்லாம் சாத்திட்டா இருட்டுல புள்ளைய எப்படிப் பாக்குறது?" இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நம்ம மிஸ்ஸிதானே என்று பொறுத்துக்கொண்டார்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ் இல்லை. ஐந்தாம் படிவப் பள்ளி இறுதித் தேர்வில் அறிவியலில் கோட்டை விட்டதால் அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழே, கிராமத்துக் கிளினிக்கில் தாய் சேய் பார்க்கும் தாதிப் பயிற்சிக்குப் போனேன். செம்பனைக் குலை வெட்டிய அப்பாவுக்கு அதிலேயே தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் போதவில்லை. சில வருடங்கள் வேலை பார்த்து, பெயரில் ஒரு புகாரும் விழாமல் இருந்தால் மேல்படிப்புக்கு மனுப் போடலாம். அந்த ஒரே நினைப்பில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஓடிய நாட்களில் ஒன்றில்தான் அந்த வீட்டுக்குப் போனேன். தலைப்பிள்ளை, பெண் குழந்தை, பிறந்து நான்காம் நாள். தாய்க்கு இருபத்து மூன்று வயது. மாமியார் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்து பத்தியச் சமையல் செய்துகொண்டிருந்தார். தாய் மஞ்சள் தேய்த்துக் குளித்திருந்தாள். அவளுடைய அம்மா வீட்டு வழக்கப்படி குழந்தைக்கும் பயத்த மாவோடு மஞ்சளைக் கலந்து தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள்.

அந்த வாரத்தில் தாதியின் முக்கிய வேலை, குழந்தைக்குக் காமாலை இருக்கிறதா என்று பார்ப்பது. தோலை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இமையைத் திறந்து கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் கிளினிக்குக்கு வரவழைத்து ரத்தம் எடுக்க வேண்டும். குழந்தை நெற்றியிலிருந்து வயிறு வரை மஞ்சளாக இருந்தது. நான் ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்தேன். பஞ்சில் மஞ்சள் ஒட்டியது.

"பாத்தியா, புள்ளைக்கு ஏன் இவ்வளவு அப்பி வெச்சிருக்கே?" என்று சிரித்தேன்.

இமையைத் திறக்கக் கை வைத்தபோது, "இப்பத்தான் மறுபடி தூங்குச்சு மிஸ்ஸி, எழுப்பாதீங்க லா. காலையிலேருந்து தூக்கம்தான்" என்றாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

தேய்த்த மஞ்சள் தோலில் ஒட்டும், கண்ணின் வெள்ளையில் ஒட்டாது. பால் குடிக்காமல் ஓயாமல் தூங்குவதே காமாலைக் குழந்தையின் அடையாளம். இரண்டும் எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த மலாய்க்காரத் தாதியாக இருந்தால், அந்த உடம்பைக் கண்டதுமே ரத்தம் எடுக்க அனுப்பியிருப்பாள். நான் தமிழச்சி, மஞ்சளைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன. குழந்தையின் அட்டையில் 'காமாலை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறாம் நாள் மறுபடியும் போனபோது குழந்தை பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. இமையைத் திறந்தேன். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். நானே ஆம்புலன்ஸை வரவழைத்து, நானே குழந்தையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தத்தை மாற்றினார்கள். உயிர் பிழைத்தது. ஒரு வயதானபோது, பின்னால் தட்டைக் கீழே போட்டாலும் திரும்பவில்லை. காமாலை காதைத் தின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

மாமியார் பழியை மருமகள்மேல் போட்டார். "மஞ்சளத் தேச்சுத் தேச்சே புள்ளைக்குக் காமாலைய வர வெச்சுட்டா" என்று கிளினிக்கிலேயே, என் முன்னாலேயே சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மஞ்சள் தேய்த்து யாருக்கும் காமாலை வராது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்ட நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். திறந்தால் அடுத்த கேள்வி, 'அப்படின்னா நாலாம் நாள் நீ என்ன பாத்தே?' என்று வரும். என் மனு அப்போது மேலிடத்தில் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அதுதான். மேல்படிப்பு கிடைத்தது. போனேன், முடித்தேன், அதே வட்டாரத்துக்கே ஸ்டாஃப் நர்ஸாகத் திரும்பி வந்தேன்.

அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பார்க்கப் போனவள் நானேதான். மூத்தவள் அண்மையில்தான் பொருத்திய காதுக் கருவியோடு தரையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையை மாமியார் மடியில் வைத்திருந்தார். தாய் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"குளிப்பாட்டுறது யாரு?" என்றேன்.

"நான்தான் மிஸ்ஸி. இவ கையில குடுக்குறதே இல்ல. பால் குடுக்க மட்டும்தான்" என்றார் மாமியார். "அன்னைக்கு நீங்க மட்டும் ஓடி வரலன்னா மூத்தவ இல்ல. எங்களுக்கு நீங்கதான் சாமி."

அந்த வார்த்தையோடு அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மஞ்சளால் காமாலை வராது என்று. நான்காம் நாளே காமாலை இருந்தது, நான் குழந்தையின் கண்ணைத் திறந்து பார்க்காமலேயே 'காமாலை இல்லை' என்று எழுதிவிட்டேன் என்று. மருமகள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. மாமியார் மடியிலிருந்த குழந்தையைக் கொண்டுபோய் மருமகள் கையில் கொடுத்தார்.

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூத்தவளையே பார்த்தாள்.

"மூணு வருஷமா தெனமும் இவள மடியில போட்டுக்கிட்டு, அம்மாவ மன்னிச்சிரு, அம்மாவ மன்னிச்சிருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் மிஸ்ஸி," என்றாள். "இவளுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் சொன்னேன்."