கேட்டு இருக்கற வீட்ல யாரும் கேக்கறதில்ல

இன்னிக்கு யாரைப் பாத்தேன் தெரியுமா? எங்க ஏரியாவுல பாதி வீட்டுக்கு கேட்டு அடிச்சுக் குடுத்த வெல்டிங் அண்ணனை. வந்ததும் வராததுமா டைப் பண்றேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

அண்ணனுக்கு வீடும் பட்டறையும் ஒண்ணுதான். முன் ரூம்ல வெல்டிங் மிஷின், பின் ரூம்ல அண்ணியும் பொண்ணும். ஊருக்கே கேட்டு அடிச்ச மனுஷன் வீட்டு வாசல் மட்டும் ஆன்னு திறந்து கிடக்கும்.

ரோடு, சாக்கடை எல்லாம் போட்டதுக்கு வீட்டுக்கு வீடு நகராட்சி ஆபீஸுக்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்டணும். முக்கால்வாசிப் பேர் கட்டல. அண்ணனுக்கும் பாதி பாக்கி, அவர் இல்லைன்னு சொல்லல. ஆனா வசூல் பண்ற லட்சணத்தைக் கேளுங்க. மாடி வீட்டு கேட்டு முன்னாடி வசூல்காரர் நின்னு பெல்லை அமுக்குவார். உள்ள கார் நிக்கும், டிவி ஓடும். இவர் “ஆள் இல்லை”ன்னு எழுதிக்கிட்டு நகந்துடுவார். பூட்டின கேட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு ஆபீஸ் உத்தரவாம். முன்ன ஒருதடவை போனதுல ஒரு பெரிய மனுஷனுக்கு மானம் போயிடுச்சாம். பாக்கி வச்சா போகாத மானம், கேட்டைத் திறந்தா போகுது. தூ.

அப்புறம் நேரா அண்ணன் பட்டறைதான். மீதியைக் கட்டலன்னா அடுத்த தடவை மிஷினை ஜப்தி பண்ணிடுவோம்னு மிரட்டிட்டுப் போயிருக்கார். மிஷின் போனா அந்த வீட்ல அடுப்பு எரியாது. மாடி வீட்ல எப்ப சார் கேப்பீங்கன்னு அண்ணன் கேட்டதுக்கு, அங்கதான் கேட்டு பூட்டியிருக்கேன்னாராம்.

அன்னிக்கு அண்ணி சொன்னாங்களாம்: “கேட்டு இருக்கற வீட்ல கேக்க மாட்டாங்களாம். நமக்கும் ஒண்ணு அடிச்சுடுங்களேன்.”

அளவு சரியில்லைன்னு ஒரு பங்களாக்காரர் வேண்டாம்னுட்ட கேட்டு மூலையில கிடந்துச்சு. ரெண்டு பைப்பை நட்டு, அதை மாட்டி, பூட்டும் போட்டுட்டார் அண்ணன். ரெண்டு பக்கமும் சுவர் கிடையாது. ஆடு கூட சுத்திக்கிட்டு உள்ள வந்துடும்.

காலைல நான் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்ட வைக்கப் போனேன், சுத்திக்கிட்டுத்தான். அப்பதான் மிஷினைத் தூக்க ரெண்டு ஆளோட வசூல்காரர் வந்தார். பூட்டைப் பாத்தார். பொறி பறக்க வேலை செய்ற அண்ணனைப் பாத்தார். மறுபடி பூட்டைப் பாத்தார்.

“என்னப்பா, புதுசா கேட்டெல்லாம்?”

“ஆமா சார். பெல்லு இன்னும் வைக்கல, தட்டிப் பாருங்க.”

சத்தியமா சொல்றேன், தட்டினார். அண்ணன் திரும்பல. “ஆள் இல்லை”ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். கூட வந்த ஒருத்தர் தெருமுனை வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கிட்டே போனார்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அண்ணன் சிரிக்கல. “எல்லா வீட்லயும் வாங்கட்டும் தம்பி. அன்னிக்கே இந்த கேட்டைக் கழட்டி வித்தாவது மீதியைக் கட்டிடறேன்”னார்.

அந்த ஆபீஸ்ல இருக்கறவங்க கண்ணுல படற வரைக்கும் இதை ஷேர் பண்ணுங்க. அந்தப் பக்கம் போனா கேட்டையும் பாத்துட்டு வாங்க. சுத்திக்கிட்டுப் போகாதீங்க, தட்டுங்க. உங்களுக்கு அண்ணன் திறப்பார்.